ஏழாம் நம்பர் சில்லு

அக்கா,

இன்று காலை எங்கள் சமையலறைத் தொட்டிக்குக் கீழே குழாய் கசிகிறது என்று பிளம்பரை வரச்சொல்லியிருந்தேன். அவர் இரண்டு டியூபிலிருந்தும் பசையை ஒரு அட்டைத் துண்டின் மேல் பிதுக்கி, தீக்குச்சியால் குழைக்க ஆரம்பித்தார். அந்த வாசனை உங்களுக்குத் தெரியும். மீன் கவுச்சியும் ஆஸ்பத்திரியும் கலந்த வாசனை. கூடத்தில் மெயில் பார்த்துக்கொண்டிருந்தவள் லேப்டாப்பை மூடிவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டேன்.

"இன்னா மேடம், வாசனை ஒத்துக்கலியா?" என்று உள்ளிருந்து கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். ஒன்பது வருஷம் அந்த வாசனைக்குப் பக்கத்திலேயே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டவள் நான். அவரிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அவர் வேலையும் சரியில்லை. தடவினார், கையைத் துடைத்தார், "ஆச்சு மேடம், நாளைக்கி வரைக்கும் தண்ணி உடாதீங்க" என்றார். ஒரு நிமிஷம்கூட அழுத்திப் பிடிக்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் அவரை எழுப்பிவிட்டு நீங்களே கீழே உட்கார்ந்திருப்பீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஒட்டுகிற வேலையில் இன்னொருவரைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்குப் போய் ரொம்ப நாளாகிறது. அவர் கிளம்பியதும் இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது.

நம் வேலை என்ன என்று யாராவது கேட்டால் நான் பத்து நிமிஷம் பேசுவேன். முடிவில் அவர்கள் "ஓ, சிசிடிவி மாதிரியா?" என்பார்கள். நீங்கள் உங்கள் வீட்டுக்காரருக்குச் சொன்ன விளக்கம்தான் நான் கேட்டதிலேயே நல்ல விளக்கம். ஒரு கிறிஸ்துமஸுக்கு லிங்கராஜபுரத்தில் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். அவர் தம் மிக்ஸி ரிப்பேர் கடையைச் சாத்திவிட்டு வந்து, "அப்டி இன்னாதாம்மா ஒட்றீங்க பாலத்து மேல?" என்று கேட்டார். நீங்கள் கல்கல் பலகாரத் தட்டை என் பக்கம் நகர்த்திக்கொண்டே சொன்னீர்கள்:

"நகம் சைஸுல ஒரு சில்லு. அதுக்குக் கரண்டு குட்த்தா நடுங்கும். தூணு மேல ஒட்டிட்டா தூணையும் கொஞ்சூண்டு நடுக்கும். தூணு பதிலுக்கு எப்டி நடுங்குதுன்னு அதுவே திருப்பிச் சொல்லிடும். உள்ள ஒடம்பு சரியில்லன்னா நடுக்கம் மாறிப்போவும். வெளிய விரிசல் தெரியறதுக்கு மின்னாடியே தெரிஞ்சிடும். அவ்ளோதான்."

"அப்போ டாக்டர்னு சொல்லு," என்றார் அவர். "டாக்டர் மேடம்தான், நான் நர்சு," என்று என்னைக் காட்டிச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. என்னைப் பற்றிய பெருமை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது.

ஒக்கலிபுரத்தில் ஒரு ஃபர்னிச்சர் கடைக்கு மேலே இரண்டு அறை, எட்டுப் பேர். அதுதான் நம் கம்பெனி. நான் மல்லேஸ்வரத்திலிருந்து வருகிறவள், கொள்ளுத்தாத்தா காலத்தில் அரசாங்க உத்தியோகத்துக்கு இங்கே வந்து தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். என் தமிழைக் கேட்டு முதல் வாரமே, "ரேடியோல நியூஸ் வாசிக்கிற மாதிரி கீது" என்றீர்கள். நீங்கள் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பதினைந்து வருஷம் தலைமுடி மாதிரி வயர்களைச் சால்டர் செய்துவிட்டு, அங்கே ஆட்குறைப்பு என்றதும் நம்மிடம் வந்தீர்கள். மேனேஜர் எதிரில் நான் உங்களுக்கு "மேடம், நீங்க". பஸ் ஏறிவிட்டால் "கண்ணு, நீ". இந்த மாற்றம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். உங்களிடம் சொன்னதில்லை.

நீங்கள் சில்லு ஒட்டுவதை நான் எத்தனையோ தடவை நின்று பார்த்திருக்கிறேன். முதலில் உப்புத்தாளால் கான்கிரீட்டைத் தேய்ப்பீர்கள். பிறகு அசிட்டோனில் நனைத்த பஞ்சு. பஞ்சில் அழுக்கு வராத வரைக்கும் துடைப்பீர்கள். பசையை அப்பளத்துக்கு எண்ணெய் தொட்டுவைப்பது போல அவ்வளவு மெல்லிசாகத் தடவிச் சில்லை வைத்து, வலது கட்டைவிரலால் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வீர்கள். உதடு மட்டும் அசையும். விரல் வலிக்கிறதோ என்று முதலில் நினைத்தேன். பரமண்டல ஜெபம், மூன்று தடவை, நிதானமாக. அதுதான் உங்கள் கடிகாரம்.

"கடியாரத்தப் பாத்தா கை ஆடும் கண்ணு. கண்ண மூடிக்கினா ஆடாது."

மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. கிளாம்ப் ஒன்றும் டைமர் ஒன்றும் வாங்கி வந்தார். அந்தக் கிளாம்ப் முதல் வாரமே வழுக்கி விழுந்து இரண்டு சில்லுகளை உடைத்தது. நான் ஒருநாள் உங்களுக்குத் தெரியாமல் என் ஃபோனில் நேரம் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே நேரம். "உங்க சாமி நம்ம கிளையன்ட்டுக்கு ஃப்ரீயா வேலை பார்க்கறார்" என்று சீண்டினேன். "ஃப்ரீ எல்லாம் இல்ல. ஞாயித்துக்கெழம என்னைச் சைட்டுக்குக் கூப்புடாம உடுங்க, அதான் அவருக்குச் சேர வேண்டியது" என்றீர்கள்.

ஒட்டிய சில்லு காய்ந்ததும் முதல் தடவை அளந்து வைப்போமே, அதைப் பேஸ்லைன் என்று நாங்கள் சொல்வோம். நீங்கள் மட்டும் 'பொறந்த வெயிட்டு' என்பீர்கள். குழந்தை பிறந்ததும் எடை போட்டு வைக்கிறார்கள் இல்லையா, பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க. அதுபோல அடுத்தடுத்து வருகிற ஒவ்வொரு கோட்டையும் அந்த முதல் கோட்டின் மேல் வைத்துப் பார்ப்போம். மேலே படிந்துவிட்டால் நிம்மதி. விலகினால் மூன்று காரணம் இருக்கலாம்: வெயில் ஏறியிருக்கலாம், ஒட்டு விட்டிருக்கலாம், இல்லையென்றால் கட்டடத்துக்கே ஏதோ ஆகியிருக்கலாம்.

அத்திபெலேயில் ஒரு தொழிற்சாலையின் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி நமக்கு வந்தது. நான் பொறுப்பேற்று நடத்திய முதல் வேலை. ஜனவரியில் நான்கு நாள் நீங்களும் நானும் பஸ்ஸில் போய்வந்தோம். தூண்களிலும், தூண்களை இணைக்கும் சுற்று உத்தரத்திலுமாகப் பன்னிரண்டு சில்லுகள். ஏழாம் நம்பர், உத்தரமும் தூணும் சேரும் மூலையில். சாரத்தின் மேல் ஏறி நின்று ஒட்டினீர்கள். காற்றில் முந்தானை பறந்ததால் அதை இடுப்பில் செருகிக்கொண்டு கண்ணை மூடினீர்கள். கீழே நின்ற வாட்ச்மேன், "அந்தம்மாவுக்குத் தல சுத்துதா?" என்று என்னிடம் கேட்டான்.

ஏப்ரலில் அளந்தபோது பதினோரு சில்லுகளும் முதல் கோட்டின் மேலேயே படிந்தன. ஏழு மட்டும் விலகியது.

இங்கேதான் நான் மெதுவாக எழுத வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன், தெரியாததையும் எழுதுகிறேன்.

அந்தக் கருவி ஒவ்வொரு சில்லுக்கும் இரண்டு கோடு தரும். முதல் கோடு கட்டடத்தைப் பற்றிப் பேசும். இரண்டாவது கோடு பெரும்பாலும் சில்லைப் பற்றியும் அதன் பிடிப்பைப் பற்றியும் பேசும். முதல் கோடு மாறி, இரண்டாவது அப்படியே இருந்தால் ஒட்டு நன்றாக இருக்கிறது, கட்டடத்தைப் போய்ப் பார் என்று அர்த்தம். இரண்டாவதும் மாறியிருந்தால் ஒட்டைச் சந்தேகப்படலாம். இது படித்தால்தான் தெரியும் என்றில்லை, நம்மிடம் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

மறுநாள் மத்தியானம் தொழிற்சாலைக்காரர்களோடு மீட்டிங். கட்டடத்தில்தான் கோளாறு என்று சொன்னால் தொட்டியைக் காலி செய்ய வேண்டும், வேலையை நிறுத்த வேண்டும், அவர்கள் குதிப்பார்கள். முந்தின வருஷம் ஒரு ஷாப்பிங் மாலின் பார்க்கிங் தளத்தில் நான் ஆபத்து என்று அலறி, கடைசியில் அது ஒட்டு விட்ட சில்லுதான் என்று தெரிந்தபோது, மேனேஜர் மாதக்கணக்கில் என்னைப் பார்த்தால் "புலி வந்ததா?" என்று கேட்டுச் சிரித்தார். சூடு கண்ட பூனை நான். இந்தத் தடவையும் ஒட்டாகவே இருக்கட்டும் என்று என் மனம் ஆசைப்பட்டது. ஆசைப்பட்டதை முடிவாக எழுதிவிட்டேன்.

நீங்கள் டீ கிளாஸை என் மேஜையில் வைத்துவிட்டுத் திரையைக் குனிந்து பார்த்தீர்கள்.

"ஏழா?"

"ஏழுதாங்கா. ஒட்டு விட்டிருக்கும் போல."

"வெயிலா இருந்தா எல்லாமே நவுந்திருக்கணும். ஏழு மட்டும் ஏன் நவுருது?" கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். "ரெண்டாவது கோடு பாத்தியா?"

"பார்த்துட்டேங்கா."

"அப்போ சரி," என்று சொல்லிவிட்டு, காலையில் நான் குடித்து வைத்திருந்த காலி கிளாஸை எடுத்துக்கொண்டு போனீர்கள்.

நான் பார்க்கவில்லை அக்கா. நேரம் இல்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரம் எதற்கு, ஒரே ஒரு கிளிக். திறந்தால் அது மாறாமல் இருந்துவிடுமோ என்று பயந்தேன். அதனால் திறக்கவில்லை. நரம்பில்லாத நாக்கு, பார்த்தேன் என்று சொல்லிவிட்டது.

மீட்டிங்கில் 'ஒட்டுதலில் குறை' என்று பெரிய எழுத்தில் திரையில் வந்தது. தொழிற்சாலைக்காரர்கள் முகத்தில் நிம்மதி. யார் ஒட்டியது என்று மேனேஜர் கன்னடத்தில் கேட்டார், எல்லோர் முன்னாலும். அவருக்குத் தெரியாதா என்ன. கடைசி நாற்காலியிலிருந்து நீங்கள் எழுந்தீர்கள். "நான்தான் சார். தப்பாயிட்டிருந்தா சாரி சார்" என்றீர்கள். ஜெபத்தையும் வேலையையும் போட்டுக் குழப்பினால் இப்படித்தான் என்று அவர் சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். நீங்கள் உங்கள் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டீர்கள். நான் புரொஜெக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் இன்னொரு டெக்னீஷியன் பழைய ஏழுக்கு ஒரு சாண் தள்ளிப் புதிய ஏழாம் நம்பர் சில்லை ஒட்டினார். அதற்குப் புதிதாகப் பேஸ்லைன் எடுத்தேன். நீங்கள் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. படிக்கட்டில் என்னை நிறுத்தி மெதுவாகக் கேட்டீர்கள். "ஒருவேள தூணுலதான் கோளாறுன்னா? சீக்காளிய இன்னிக்கித் தராசுல நிக்க வெச்சி, இதான் பொறந்த வெயிட்டுன்னு எழுதுவியா கண்ணு?"

"டெக்னிக்கல் விஷயத்தை என்கிட்ட விட்டுடுங்க அக்கா," என்றேன்.

என் வாழ்க்கையில் நான் எத்தனையோ பேரிடம் வெடுக்கென்று பேசியிருக்கிறேன். எனக்கு முன்கோபம் என்று என் அம்மாவே சொல்வாள். அதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. இந்த ஒரு வாக்கியம் மட்டும், அந்தப் படிக்கட்டின் மூத்திர நாற்றத்தோடு சேர்ந்து அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகு பஸ்ஸிலும் நீங்கள் என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டீர்கள்.

உங்களைச் சைட்டுக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். ஸ்டோர் அறையில் வயர்களைச் சோதித்துக் கட்டிவைக்கும் வேலை. ஜூனில், "வீட்டுல கடையப் பாத்துக்கணும்" என்று சொல்லி நின்றுவிட்டீர்கள். "போய்ட்டு வரேன் மேடம்" என்றீர்கள். ஏதாவது கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கீழே போய் ஆட்டோ பிடித்துத் தரட்டுமா என்று மட்டும் கேட்டேன். வேண்டாம் என்றீர்கள்.

ஜூலையில் புதிய ஏழு இலேசாக அசைந்தது. வரம்புக்குள்தான் இருக்கிறது என்று எழுதினேன். அக்டோபர் மழையில் அந்த மூலையிலிருந்து சுண்ணாம்பு நீர் வழிந்து, பூச்சு ஒரு கைப்பிடி அளவு கீழே விழுந்தது. வாட்ச்மேன் பார்த்துச் சொன்னான். நான் ஓடினேன். சுத்தியலால் தட்டிப் பார்த்தோம், சத்தம் வெற்றுப்பானை போல வந்தது. அன்றைக்கே தொட்டியைக் காலி செய்யச் சொன்னேன். தூணுக்கும் உத்தரத்துக்கும் இடையில் விரல் நுழையாத விரிசல், ஆனால் ஆழம். ஒரு மாதத்தில் பழுது பார்த்து முடித்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதற்குக் காரணம் நாங்கள் இல்லை, அந்த வாட்ச்மேன்.

சாரத்தின் மேல் நின்றபோது பழைய ஏழு இன்னும் அங்கேயே இருந்தது. வயரை மட்டும் வெட்டி விட்டிருந்தார்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். வரவில்லை. கைப்பிடியைச் சுத்தியலால் தட்டித் தட்டி நெம்பினேன். கடைசியில் சில்லு இரண்டாக உடைந்து வந்தது, ஒட்டு விடவில்லை. பின்பக்கம் திருப்பினால் முழுக்கக் கான்கிரீட்டின் தோல் பெயர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கான்கிரீட் தோற்றிருந்தது அக்கா, உங்கள் பசை தோற்கவில்லை. சாரத்தின் பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கீழேயிருந்து, "மேடம், தல சுத்துதா?" என்று கேட்டார்கள்.

ஆபீஸுக்கு வந்து ஏப்ரல் மாதக் கோப்பைத் திறந்து, இரண்டாவது கோட்டை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். ஜனவரிக் கோட்டின் மேல் அப்படியே படிந்திருந்தது. இரண்டு கோடு இருக்கிறது என்றே தெரியாத அளவுக்கு.

விரிசலைப் பற்றி ஒன்று விடாமல் ரிப்போர்ட் எழுதினேன். ஏப்ரல் ரிப்போர்ட்டில் இருந்த அந்த 'ஒட்டுதலில் குறை' என்ற வரியைத் தொடவில்லை. யாரும் கேட்கவில்லை. அது அப்போதைய கோளாறு, இது இப்போதைய கோளாறு என்று எல்லோரும் தாமாகவே நினைத்துக்கொண்டார்கள், நான் நினைக்கவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். தொட்டி காப்பாற்றப்பட்டது. உங்கள் பேர் இருந்த இடத்திலேயே கிடந்தது.

உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்காத நாள் இல்லை. ஃபோனில் சொல்கிற விஷயம் இல்லை, நேரில்தான் போக வேண்டும் என்று முதலில் நாள் கடத்தினேன். பிறகு, கிறிஸ்துமஸுக்குப் போனால் இயல்பாக இருக்கும் என்று நினைத்தேன். கிறிஸ்துமஸுக்கு அண்ணன் குடும்பம் வந்துவிட்டது. பொங்கல் முடியட்டும் என்றேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுத்தது உண்மைதான், ஆனால் எழுந்து நடக்க வைக்கவில்லை. பொங்கலுக்கு மறுவாரம் எங்கள் வீட்டு லிஃப்டில் போகும்போது அந்த இன்னொரு டெக்னீஷியன் வாட்ஸ்அப்பில் வைத்திருந்த உங்கள் படத்தைப் பார்த்தேன். நீலப் புடவை, மாலை போட்டிருந்தது. கடையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் கடைசி வரிசையில் நின்று ஒரு பிடி மண் போட்டேன். பத்து நாள் கழித்து உங்கள் வீட்டுக்காரரின் கடைக்குப் போனேன். அவர் ஒரு மிக்ஸியின் அடிப்பாகத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"கடசியா ரொம்ப மனசு ஒடிஞ்சி போய்ட்டாம்மா," என்றார். "கட்டவெரலு மரத்துப்போச்சின்னு ஒரே பேச்சு. சுகரு இருந்திச்சில்ல, அதுல வெரலு உணர்ச்சி போய்டும்னு யாரோ சொல்லிட்டாங்க. அதான் சில்லு சரியா ஒட்டலன்னு அவளே முடிவு பண்ணிக்கினா. டாக்டராண்ட இஸ்துக்கினு போனேன். ஊசியால குத்திப் பாத்துட்டு, வெரலு நல்லாத்தாம்மா இருக்குன்னாரு. இவ நம்பல. சாயந்தரம் கடைல எனக்குச் சால்டர் வெச்சிக் குடுப்பா, அதையும் உட்டுட்டா."

"ஏன் நம்பல?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"நானும் அதான் கேட்டேன். 'இன்னொரு கோடு இருக்குது, அத மேடம் பாத்துட்டேன்னு சொன்னாங்க, அவங்க பாக்காம சொல்ல மாட்டாங்க'ன்னுட்டா."

அங்கேயே சொல்லிவிட்டேன். சில்லு, கான்கிரீட்டின் தோல், இரண்டாவது கோடு, பார்த்தேன் என்று நான் சொன்ன பொய், எல்லாம். சொல்லி முடிக்கும்வரை அவர் ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டேதான் இருந்தார்.

"ஏன் பாக்கல?" என்றார்.

"பயம்ண்ணா."

கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு மூடியில் போட்டு வைத்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"பிரேயர் குரூப்புல அவ சாட்சியா எழுந்து நின்னு சொன்னாம்மா, என் வெரலுக்காக ஜெபம் பண்ணுங்கன்னு. புதங்கெழம புதங்கெழம பத்துப் பன்னெண்டு பேரு அழுது அழுது ஜெபம் பண்ணாங்க. அவங்களுக்கு நான் போயி சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

முதலில் ஆபீஸில் செய்ய வேண்டியதைச் செய்தேன். ஏப்ரல் ரிப்போர்ட்டுக்குத் திருத்தம் ஒன்று எழுதினேன். ஒட்டுதலில் குறை எதுவும் இல்லை, இரண்டாவது கோடு பார்க்கப்படவில்லை, பார்க்காதது நான் என்று. மேனேஜர் படித்துவிட்டு, "ஹோக்லி பிடி, ஈக யாக்கே அதெல்லா" என்றார். போனவர் போய்விட்டார், இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்று அவருக்கு. அவங்க போய்விட்டதால்தான் சார் என்று கன்னடத்திலேயே சொல்லி, அவர் கையெழுத்துக்குக் காத்திராமல் அனுப்பிவிட்டேன். தொழிற்சாலையிலிருந்து, கிடைத்தது என்று ஒரு வரி பதில் வந்தது. அன்று சிரித்த இரண்டு பேரும் என் மேஜையைத் தாண்டிப் போகும்போது இப்போது பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். அது போதாது, ஆனால் இருக்கட்டும்.

புதன்கிழமை மூன்று மணிக்கு உங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடி அறையில் பாய் விரித்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு முடிந்ததும் உங்கள் வீட்டுக்காரர் என்னைக் காட்டிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். நான் எழுந்து நின்று என் ரேடியோத் தமிழில் சொன்னேன். கோடு, கருவி என்றெல்லாம் ஆரம்பித்துக் குழப்பிவிட்டு, கடைசியில் ஒரே வரியில் சொன்னேன்: "அக்காவோட விரல்ல ஒரு குறையும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன்."

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா, "அப்போ வெரலு நல்லாத்தான் இருந்திச்சா?" என்று கேட்டார்.

"நல்லா இருந்தது."

"கடசி வரைக்கும்?"

"கடைசி வரைக்கும்."

அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பின்னாலிருந்து இன்னொருவர், "சும்னே, ஒண்ணுமில்லாததுக்கு, எத்தினி நாளு அழுதா தெரியுமா உனக்கு?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நிஜமாகவே எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். மன்னித்துவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டிய ஆள் அந்த அறையில் இல்லை. கிளம்பும்போது ஒருத்தர் டீ கொடுத்தார். குடித்தேன். உங்கள் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தார். பஸ் வந்ததும், "பாத்துப் போங்கம்மா" என்றார்.

நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். விட்டுவிடலாம் என்று நினைத்தேன். விட்டுவிட்டால் நல்லவள் மாதிரி ஆகிவிடுவேனோ என்று விடவில்லை. அவசரமான நாட்கள் இன்றும் வருகின்றன. மறுநாள் மீட்டிங், எதிரில் உட்காரப்போகிறவர்கள் பெரிய ஆட்கள், ஒரு கோட்டைத் திறக்காமலே போய்விடலாம் என்று கை தயங்குகிற நாட்கள். உங்கள் ஜெபம் எனக்குத் தெரியாது. கண்ணை மூடினால் உங்கள் வீட்டுக்காரர் குரலில் நீங்கள் என்னைப் பற்றிச் சொன்னதுதான் கேட்கிறது. திறந்து பார்க்கிறேன். ஒன்றுக்கு இரண்டு தடவை பார்க்கிறேன்.

டாக்டர் சொன்னதை நீங்கள் நம்பவில்லை. உங்கள் கட்டைவிரலுக்குத் தெரிந்ததையும் நம்பவில்லை. என்னை நம்பினீர்கள். அவங்க பாக்காம சொல்ல மாட்டாங்க. நீங்கள் சொன்னபோது அது உண்மையில்லை அக்கா. இப்போது உண்மை. உங்களுக்குத்தான் அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.